மறுதேர்தல் என்றால் ஏன் பதறுகிறார்கள்? ஸ்பானிய மொழி நாடுகளில் தனிமனித ஆட்சி

2025 ஜூலை 31 அன்று மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரின் நாடாளுமன்றம் ஒரே நாளில் அரசியலமைப்பைத் திருத்தியது. அதிபர் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம், பதவிக்காலம் ஐந்து ஆண்டிலிருந்து ஆறாக உயரும், இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு இனி இல்லை. ஆதரவாக 57 வாக்குகள், எதிராக 3. அதிபர் நயீப் புகேலேக்கு அந்நாட்டில் மக்கள் செல்வாக்கு இருப்பது உண்மை. தெருக்களை ஆட்டிப்படைத்த குற்றக் கும்பல்களை அடக்கியவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அப்படியிருக்க, இந்தத் திருத்தத்தை ஜனநாயகத்தின் மீதான அடி என்று பலர் எழுதியதைப் படித்த நம் வாசகருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. மக்கள் விரும்பி ஒருவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தால் அதில் என்ன தவறு? இந்தியாவில் பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ இத்தனை முறைதான் என்ற வரம்பே கிடையாதே?

விடையின் முதல் பாதி ஆட்சி அமைப்பில் இருக்கிறது. பிரதமர் பெரும்பான்மையை இழந்த அன்றே பதவி போய்விடும். சொந்தக் கட்சிக்காரர்களே அவரை இறக்கலாம். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் அதிபரை அப்படி இறக்க முடியாது. படைகளின் தலைமைத் தளபதியும் அவரே. அவரை வெளியே அனுப்பும் நம்பகமான வழி, பதவிக்காலம் முடியும் தேதி ஒன்றுதான். இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2010இல் 18ஆம் திருத்தம் இரண்டு தவணை வரம்பை நீக்கியபோதும், 2015இல் 19ஆம் திருத்தம் அதை மீட்டபோதும் இதே வாதம்தான் நடந்தது.

மறுபாதி வரலாற்றில் இருக்கிறது. லத்தீன் அமெரிக்க அரசியலமைப்புகளில் மறுதேர்தல் தடை ஏட்டறிவில் பிறந்ததல்ல. பட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய விதி அது.

முதலில் சில சொற்கள்

1. கௌதீயோ: படைபலமும் ஆள்கவர்ச்சியும் கொண்டு தன்னைச் சுற்றி விசுவாசிகளைத் திரட்டி ஆளும் தலைவன். 19ஆம் நூற்றாண்டு லத்தீன் அமெரிக்காவின் அடையாளமே இவன்தான். அவன் சீருடை அணிந்த முறையான அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் நிலக்கிழார்.

2. ஹுந்தா: நம் செய்தித்தாள்கள் 'ஜுன்டா' என்று எழுதுவது. தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தளபதிகள் கூட்டாக அமர்ந்து ஆளும் குழு.

3. தனிமனித சர்வாதிகாரம்: படை, கட்சி, நீதிமன்றம் எல்லாம் பெயருக்கு இருக்கும், எல்லா முடிவும் ஒருவருடையது. அவர் ராணுவத்திலிருந்து வந்திருக்கலாம், ஆனால் ஆள்வது ராணுவம் அல்ல.

4. விதிவிலக்கு நிலை: அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்க அரசியலமைப்பே தரும் தற்காலிக அதிகாரம். முற்றுகை நிலை என்றும் சொல்வார்கள். நம் நெருக்கடி நிலையின் உறவு.

இரண்டாவதும் மூன்றாவதும் 'ராணுவ ஆட்சி' என்ற ஒரே பெயரில் நம்மிடம் வந்து சேர்கின்றன. குழப்பம் தொடங்கும் இடம் அதுதான்.

அரசன் போன பிறகு

1808இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னரைப் பதவி விலக வைத்தார். அடுத்த பதினைந்து ஆண்டுப் போர்களில் அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானியக் குடியேற்றங்கள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. முந்நூறு ஆண்டுகள் எந்தத் தகராறுக்கும் கடைசித் தீர்ப்பு மன்னருடையதாக இருந்தது. அந்த இடம் காலியானது. புதிய குடியரசுகள் அழகான அரசியலமைப்புகளை எழுதிக்கொண்டன. வரி வசூலிக்க ஆள் இல்லை, சம்பளம் கொடுத்து வைத்திருக்கப் படை இல்லை. இருந்ததெல்லாம் போரில் பழகிய குதிரைவீரர்களும், அவர்களுக்குச் சோறு போட வசதியுள்ள பெருநிலக்காரர்களும்.

அர்ஜென்டினாவின் ஹுவான் மனுவேல் தெ ரோசாஸ் அப்படிப்பட்ட ஒருவர். மாட்டுப் பண்ணையும் உப்பிட்ட இறைச்சி வணிகமும் நடத்தியவர். பண்ணையாட்களைக் கொண்டே படை கட்டினார். 1829இல் புவெனஸ் ஐரெஸ் மாகாண ஆளுநர் ஆனார். 1835இல் திரும்பி வந்தபோது 'பொது அதிகாரம் அனைத்தையும்' மாகாண சட்டமன்றமே அவரிடம் ஒப்படைத்தது. அதற்கு மக்கள் வாக்கெடுப்பும் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆதரித்தார்கள், எதிர்த்து விழுந்த வாக்குகள் ஒற்றை இலக்கம். வாக்கெடுப்பு நடத்தித்தான் சர்வாதிகாரம் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அவரது ஆட்சியில் குடிமக்கள் சிவப்பு நாடா அணிய வேண்டும். எதிரிகளுக்குச் சாவு என்ற முழக்கம் அரசு ஆவணங்களின் தலைப்பில் இருக்கும். மசோர்க்கா என்ற அடியாள் படை மற்றதைப் பார்த்துக்கொண்டது.

அர்ஜென்டினா முழுவதும் அவர் சொல்லுக்கு அடங்கியிருந்த காலத்திலும் அவர் அதிபர் அல்ல, ஒரு மாகாண ஆளுநர்தான். 1852இல் கசேரோஸ் போரில் அவரை வீழ்த்தியவர் ஜனநாயகவாதி என்று நினைக்க வேண்டாம். என்த்ரே ரியோஸ் மாகாணத்தின் கௌதீயோவான உர்கிசா அவர். ரோசாஸ் இங்கிலாந்துக்குத் தப்பி, சௌத்தாம்ப்டன் அருகே பண்ணை வைத்துப் பிழைத்து, 1877இல் இறந்தார்.

எல்லாரும் குதிரைவீரர்களும் அல்லர். பராகுவேயை 1814 முதல் 1840இல் சாகும் வரை ஆண்ட பிரான்சியா இறையியல் படித்த முனைவர். 'நிரந்தர சர்வாதிகாரி' என்பது ரகசியமல்ல, அவரது முறையான பதவிப் பெயரே.

மெக்சிகோ: தடையை எழுதியவரே உடைத்த கதை

மறுதேர்தல் தடையின் வரலாற்றை ஒரு நாட்டில் மட்டும் படிக்கலாம் என்றால் மெக்சிகோவைத்தான் படிக்க வேண்டும். போர்ஃபிரியோ தியாஸ் என்ற தளபதி, அதிபர்கள் மீண்டும் போட்டியிடுவதைக் கண்டித்து இரண்டு முறை கலகம் செய்தார். 1871இல் ஹுவாரெஸை எதிர்த்து, அதில் தோற்றார். 1876இல் லெர்தோவை எதிர்த்து, அதில் வென்று அதிபரானார். வந்த கையோடு தொடர்ச்சியான மறுதேர்தலுக்குத் தடை போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி 1880இல் நண்பர் ஒருவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, 1884இல் திரும்பி வந்தார். பிறகு நடந்ததைப் படிப்படியாகப் பாருங்கள்:

1. 1887: ஒரு முறை மட்டும் தொடர்ந்து போட்டியிடலாம் என்று திருத்தம்.
2. 1890: எத்தனை முறை வேண்டுமானாலும் என்று திருத்தம்.
3. 1904: பதவிக்காலம் நான்கிலிருந்து ஆறு ஆண்டு.

எல் சல்வடோர் 2025இல் கடைசி இரண்டு படிகளையும் ஒரே நாளில் தாண்டியது என்பது மட்டுமே வித்தியாசம்.

தியாஸின் ஆட்சியில் ரயில் பாதைகள் வந்தன, அந்நிய முதலீடு வந்தது, கொள்ளையர் பயம் குறைந்தது. 'ரொட்டியா, தடியா' என்பது அவர் பாணிக்கு மெக்சிகர்கள் வைத்த பெயர்: பணிந்தவனுக்கு முதலாவது, மறுத்தவனுக்கு இரண்டாவது. 1910இல் பிரான்சிஸ்கோ மதேரோ என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை, தியாஸின் பழைய முழக்கத்தையே அவருக்கு எதிராக எடுத்தார்: செல்லுபடியாகும் வாக்கு, மறுதேர்தல் வேண்டாம். புரட்சி வெடித்தது. 1911இல் தியாஸ் பாரிஸுக்குக் கப்பலேறினார்.

1917 அரசியலமைப்பு மறுதேர்தலை அடியோடு தடுத்தது. பத்தே ஆண்டில் புரட்சித் தளபதியான ஒப்ரெகோன் இரண்டாம் முறை வருவதற்காக அதைத் திருத்த வைத்தார். 1928இல் வென்றார்; பதவியேற்கும் முன்பே, ஜூலை 17 அன்று, மெக்சிகோ நகரத்து உணவகம் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவனின் காரணம் மதம் சார்ந்தது, மறுதேர்தல் அல்ல. ஆனாலும் பாடம் எல்லாருக்கும் உறைத்தது. அதன்பின் மெக்சிகோவில் ஒருவர் வாழ்நாளில் ஒரே முறைதான் அதிபர், அதுவும் ஆறு ஆண்டு.

இந்தத் தடை ஜனநாயகத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரே கட்சி 2000 வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் ஆண்டது. ஆனால் எந்த அதிபரும் ஆறு ஆண்டுக்கு மேல் தங்கவில்லை, அதற்குப் பின் ராணுவப் புரட்சி எதுவும் வெல்லவில்லை. சர்வாதிகாரத்தை ஒழிக்காவிட்டாலும் சர்வாதிகாரியை ஒழித்த தடை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அமெரிக்கக் கடற்படையினர் விட்டுச்சென்ற படைகள்

20ஆம் நூற்றாண்டில் கௌதீயோவுக்கு ஒரு புதிய கருவி கிடைத்தது. அமெரிக்கா 1916 முதல் 1924 வரை டொமினிக்கன் குடியரசை ஆக்கிரமித்திருந்தது; நிகராகுவாவில் 1912 முதல் 1933 வரை இடையில் சிறு இடைவெளியோடு அதன் கடற்படை வீரர்கள் இருந்தார்கள். உள்ளூர்ப் பெருந்தலைகளின் சொந்தப் படைகளைக் கலைத்து, நவீன ஆயுதமும் பயிற்சியும் கொண்ட ஒரே தேசியப் படையை உருவாக்கி, அரசியல் சாராத படை என்று பெயரிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். விளைவை ஊகிக்கலாம். பழைய கௌதீயோவுக்குப் பத்துப் போட்டியாளர்கள் இருந்தார்கள். தேசியப் படையின் தலைவனுக்குப் போட்டியே இல்லை.

டொமினிக்கன் குடியரசில் அந்த இடம் ரஃபேல் த்ருஹியோவுக்குப் போயிற்று. 1930இல் பிடித்த ஆட்சியை 1961 வரை விடவில்லை. நாட்டின் மிக உயர்ந்த சிகரத்துக்கு அவர் பெயர். 1936இல் நானூறு ஆண்டுப் பழைமையான தலைநகர் சாந்தோ தொமிங்கோவுக்கும் அவர் பெயர். உப்பு, இறைச்சி, பால், புகையிலை, பிறகு சர்க்கரை என்று நாட்டின் வணிகமே குடும்பச் சொத்தானது. 1937 அக்டோபரில் எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியர்களைப் படையினர் வெட்டிக் கொன்றார்கள். இதற்கிடையே அவர் எப்போதும் அதிபராக இருந்தார் என்றும் நினைக்க வேண்டாம். 1952இல் தம்பியை உட்கார வைத்தார், பிறகு ஹோவகின் பலகேர் என்ற எழுத்தாளரை. மறுதேர்தல் தடைக்கு இந்தப் பதிலும் உண்டு: நாற்காலியில் யார் இருந்தால் என்ன, படை என் கையில்.

1960 நவம்பர் 25 அன்று, அவரை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர், சிறையில் இருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான பன்னாட்டு நாளாக இன்று அனுசரிக்கப்படுவது அந்தத் தேதிதான். ஆறு மாதம் கழித்து, 1961 மே 30 இரவில், த்ருஹியோவின் காரை மறித்துச் சுட்டார்கள். சுட்டவர்களில் பலர் அவருடைய ஆட்சிக்குள்ளேயே வளர்ந்தவர்கள்.

நிகராகுவாவில் அதே பாத்திரம் அனஸ்தாசியோ சொமோசாவுக்கு. கொரில்லாத் தலைவர் சாந்தினோவை அதிபர் மாளிகை விருந்து முடிந்து வெளியே வரும்போது பிடித்து 1934இல் கொன்றது அவரது தேசியக் காவற்படை. 1956இல் ஒரு கவிஞன் அவரைச் சுட்டான். ஆட்சி மூத்த மகனுக்கும் பின் இளைய மகனுக்கும் போனது. 1972 மனாகுவா நிலநடுக்க நிவாரணப் பணத்தில் கைவைத்ததோடு வியாபாரிகளும் கைவிட்டார்கள். 1979 ஜூலையில் கடைசி சொமோசா விமானமேறினார். இரண்டே நாளில் காவற்படை கரைந்துபோனது. நாட்டின் படையாக இருந்திருந்தால் ஆள் போனாலும் படை நின்றிருக்கும். அது குடும்பத்தின் படை.

படை ஆள்கிறதா, ஆள் ஆள்கிறாரா?

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ஆட்சியைப் பிடித்தது ஒரு ஹுந்தா. அமைச்சகங்கள், மாகாணங்கள், அரசு நிறுவனங்கள் எல்லாம் மூன்று படைகளுக்குள் பங்கு பிரிக்கப்பட்டன. விதேலா, வியோலா, கல்தியேரி, பிக்னோனே என்று ஏழே ஆண்டில் நான்கு அதிபர்கள். யாரையும் நிலைக்க விடவில்லை. கூட்டாக ஆண்டார்கள் என்பதால் கொடுமை குறைந்தது என்று எண்ணிவிட வேண்டாம். காணாமற்போனவர்கள் பற்றிய அரசு ஆணையம் 1984இல் பதிவு செய்த எண்ணிக்கை 8,960. மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000.

சிலே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1973 செப்டம்பர் 11 அன்று நான்கு தளபதிகளின் ஹுந்தாவாகத் தொடங்கியது. தலைமை சுழற்சியில் வரும் என்றுதான் பேச்சு. தரைப்படைத் தளபதி பினோசே அதைச் சுழல விடவில்லை. உளவுப் பிரிவைத் தன் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்தார்; முரண்பட்ட விமானப்படைத் தளபதி லெய்யை 1978இல் நீக்கினார். ஆனால் சட்டமியற்றும் அதிகாரம் ஹுந்தாவிடமே இருந்தது, அதை அவரால் கலைக்க முடியவில்லை. 1980 அரசியலமைப்பில் எட்டாண்டுக்குப் பிறகு வாக்கெடுப்பு என்று எழுதியிருந்தது. 1988 அக்டோபர் 5 அன்று 'வேண்டாம்' என்று ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அரசு முடிவை அறிவிக்காமல் இழுத்துக்கொண்டிருந்த அந்த இரவில், விமானப்படைத் தளபதி மத்தேய் அதிபர் மாளிகைக்குள் நுழையும்போதே, 'வேண்டாம்' வென்றுவிட்டது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் பினோசேக்கு வழி அடைபட்டது.

இதையும் பராகுவேயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1954இல் ஆட்சிக்கு வந்த ஸ்ட்ரோஸ்னர் 35 ஆண்டுகள் இருந்தார். தளபதிகள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் எல்லாரும் ஆளும் கொலொராதோ கட்சியில் உறுப்பினராக வேண்டும். தளபதிகளுக்குக் கள்ளக்கடத்தலில் பங்கு. முற்றுகை நிலை 90 நாள்களுக்கு ஒருமுறை, முறை தவறாமல், நீட்டிக்கப்பட்டது. தேர்தலும் முறை தவறாமல் நடந்தது. கடைசியில் அவரை வீழ்த்தியவர் தளபதி அந்திரேஸ் ரொத்ரிகெஸ், ஸ்ட்ரோஸ்னரின் சம்பந்தி. ரொத்ரிகெஸின் மகள் ஸ்ட்ரோஸ்னரின் ஒரு மகனை மணந்திருந்தார். விமானப்படையில் இருந்த இன்னொரு மகனை வாரிசாக்கும் முயற்சியும், மூத்த தளபதிகளை ஓய்வுக்கு அனுப்பும் பேச்சும் எழுந்தபோது, 1989 பிப்ரவரி 2 இரவில் சம்பந்தியின் பீரங்கிகள் கிளம்பின.

ஆகவே ஒரு நாட்டுச் செய்தியில் 'ராணுவ ஆட்சி' என்று படித்தால் நான் தேடுவது மூன்று விவரங்கள்:

1. அதிகாரிகளின் பதவி உயர்வையும் ஓய்வையும் யார் முடிவு செய்கிறார்கள்? படையின் மூப்பு விதியா, ஒருவரின் விருப்பமா?
2. உளவுத்துறை யாரிடம் அறிக்கை தருகிறது?
3. அடுத்தவர் யார் என்ற கேள்விக்குக் குடும்பப் பெயர் ஒன்று பதிலாக வருகிறதா?

மூன்றும் ஒருவரையே காட்டினால் அது ராணுவ ஆட்சி அல்ல. அங்கே ராணுவமும் ஆளப்படுகிறது.

இந்த வேறுபாடு முடிவிலும் தெரியும். ஹுந்தாவுக்குத் திரும்பிப் போகப் பாசறை இருக்கிறது. பொதுமன்னிப்பு பேரம் பேசலாம், சம்பளமும் ஓய்வூதியமும் தொடரும். மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் 1982இல் தோற்ற அர்ஜென்டினப் படை அடுத்த ஆண்டே தேர்தல் நடத்தியது அப்படித்தான். பேரம் எல்லா நேரமும் பலிப்பதில்லை: 1985இல் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை, நடுவில் மன்னிப்பு, மறுபடி வழக்குகள், 2013இல் சிறையிலேயே மரணம். தனிமனித சர்வாதிகாரிக்கு அப்படித் திரும்ப இடமில்லை. நாற்காலியை விட்டால் சொத்து, குடும்பம், உயிர் எல்லாம் போகும். ஆகவே விடமாட்டார். கடைசி சொமோசா ஓடிப்போய் அடைக்கலம் கண்டது ஸ்ட்ரோஸ்னரின் பராகுவேயில். 1980இல் அங்கேயே, அசுன்சியோன் தெருவில் காரோடு கொல்லப்பட்டார்.

படுக்கையில் இறந்தவர்களும் உண்டு. 'இறையருளால் ஸ்பெயினின் கௌதீயோ' என்று நாணயத்திலேயே பொறித்துக்கொண்ட ஃபிராங்கோ 1975 நவம்பர் 20 வரை ஆண்டார். 1969இலேயே வாரிசாக அறிவித்த ஹுவான் கார்லோஸ், மன்னரான பின் அதே ஆட்சியைச் சட்டப்படி கழற்றிவைத்தார். ஆப்பிரிக்காவில் பழைய ஸ்பானியக் குடியேற்றமான ஈக்குவடோரியல் கினியில் 1979இல் நெருங்கிய உறவினரையே கவிழ்த்து வந்த ஒபியாங் இன்றுவரை அதிபர்; துணை அதிபர் அவர் மகன்.

பீரங்கிக்குப் பதில் நீதிமன்றம்

1990களுக்குப் பிறகு பீரங்கி வண்டி தேவைப்படவில்லை. புதிய வழி இது: தேர்தலில் வெல்வது, உச்ச நீதிமன்றத்தில் தன் ஆட்களை அமர்த்துவது, 'மறுதேர்தல் தடை மனித உரிமைக்கு எதிரானது' என்று தீர்ப்பு வாங்குவது. நிகராகுவா 2009, ஹொண்டுராஸ் 2015, பொலிவியா 2017 என்று வரிசையாக நடந்தது. இடதா வலதா என்ற பேதம் இதில் இல்லை. ஹொண்டுராஸ் விசித்திரமானது. மறுதேர்தலுக்கு வழி தேடுகிறார் என்று சொல்லி 2009இல் அதிபர் செலாயாவைப் படையினர் இரவு உடையோடு விமானத்தில் ஏற்றி கோஸ்டா ரிக்காவில் இறக்கிவிட்டார்கள். ஆறே ஆண்டில் எதிர்முகாமின் அதிபருக்காக அதே தடை நீக்கப்பட்டது. 2021இல் அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை நீதிமன்றம் தன் கருத்துரையில், வரம்பில்லாத மறுதேர்தல் ஒரு மனித உரிமை அல்ல என்று தெளிவாகச் சொன்னது.

நிகராகுவாவில் சொமோசாவை விரட்டிய இயக்கத்தின் தலைவரான தானியேல் ஒர்தேகா 2007 முதல் மீண்டும் அதிபர். 2014இல் தவணை வரம்பு போனது. 2025 தொடக்கத்தில் வந்த திருத்தம் 'இணை அதிபர்' என்ற பதவியைப் படைத்தது. அதில் இருப்பவர் மனைவி ரொசாரியோ முரியோ. மேலே சொன்ன மூன்றாவது கேள்வியை இங்கே போட்டுப் பார்க்கலாம்.

எல் சல்வடோரில் 1983 அரசியலமைப்பின் 88ஆம் பிரிவு, ஆட்சி கைமாறுவது இன்றியமையாதது என்றும், அதை மீறினால் கிளர்ந்தெழுவது குடிமக்களின் கடமை என்றும் எழுதியது. அவ்வளவு கடுமையாக எழுத அவர்களுக்குக் காரணம் இருந்தது: 1931 முதல் 1944 வரை ஆண்ட தளபதி எர்னாந்தெஸ் மார்த்தீனெஸ், 1932இல் உழவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றவர், அவரை வெளியேற்ற நாடே வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. புகேலே 2020 பிப்ரவரியில் ஆயுதமேந்திய வீரர்களோடு நாடாளுமன்ற அவைக்குள் நுழைந்தார். 2021 மே மாதம் புதிய பெரும்பான்மை அரசியலமைப்பு அமர்வு நீதிபதிகளை நீக்கியது. செப்டம்பரில் புதிய நீதிபதிகள் மறுதேர்தலுக்கு வழிவிட்டார்கள். 2022 மார்ச்சில் குற்றக் கும்பல்களுக்கு எதிராக 30 நாளுக்கு என்று அறிவிக்கப்பட்ட விதிவிலக்கு நிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டது. கைதானவர்கள் 80,000க்கும் மேல். 2024 பிப்ரவரியில் எண்பது விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகளோடு வென்றார். 2029 வரை இருக்க வேண்டிய அந்தப் பதவிக்காலத்தை 2025 திருத்தம் 2027இலேயே முடித்து, அதிபர் தேர்தலை நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்துவிட்டது. அடுத்த தவணை ஆறு ஆண்டு.